ஜெப ஆலயத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்

பாளையங்கோட்டை,
15 ஜூன் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மருமகள் ரீபா விடுதியிலிருந்து எழுதுகிறேன். கர்த்தர் கிருபையால் எனக்குச் சளி, காய்ச்சல் ஒன்றும் இல்லை. நீங்களும் அத்தையும் பொன்செல்வியும் சுகம்தானே? ஆழ்வார்குறிச்சியில் மழை உண்டா? வாழை எப்படி இருக்கிறது?

இங்கே கைபேசி வைத்துக்கொள்ளக் கூடாது. ஞாயிறு சாயங்காலம் வார்டன் அக்காவின் ஃபோனில் வீட்டோடு மட்டும் பேசலாம். மற்ற எல்லாருக்கும் கடிதம்தான். எனக்கு அது பிடித்தே இருக்கிறது. ஃபோனில் யோசித்துப் பேச முடிவதில்லை.

மாமா, இந்த வருஷம் எனக்குத் திடப்படுத்தல். அக்டோபர் 27 அன்று எங்கள் ஊர்க் கோயிலில் பிரதிஷ்டைப் பண்டிகை. பேராயர் வந்து எங்கள் தலையில் கைவைத்து ஜெபிப்பார். நான் கைக்குழந்தையாக இருந்தபோது எனக்காக அப்பாவும் அம்மாவும் கொடுத்த வாக்கை இனி நானே என் வாயால் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் நற்கருணை வாங்கலாம். அன்று சாயங்காலம் வழக்கம்போல அசனம். ஊர் முழுக்க வரிசையாக உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிடுவதில் நீங்கள் இல்லாமல் எப்படி? எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து உங்கள் தோட்டத்து இலைக்கட்டோடு வந்து முதல் பந்தியில் உட்கார்ந்தவர் நீங்கள்.

போன வருஷ அசனத்துக்கு நான் தேர்வு முடிந்து இருட்டிய பிறகுதான் ஊர் வந்து சேர்ந்தேன். உங்களுக்கு அவசர வேலை, போய்விட்டீர்கள் என்றார்கள். அதோடு சரி. கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வரவில்லை, ஈஸ்டருக்கும் வரவில்லை. அம்மாவிடம் கேட்டால் அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறாள்.

செப்டம்பரில் சபைகளுக்கிடையே ஒரு வேதாகமப் பேச்சுப்போட்டி இருக்கிறது. தலைப்பு, ‘உலகம் விசுவாசத்தைப் பகைப்பது ஏன்?’ நான் லூக்கா நான்காம் அதிகாரத்தை எடுத்திருக்கிறேன். இயேசு தாம் வளர்ந்த நாசரேத்துக்கு வந்து ஜெப ஆலயத்தில் வேதம் வாசிக்கிறார். இவர் நம்ம யோசேப்பின் மகன்தானே என்கிறார்கள். கடைசியில் ஊருக்கு வெளியே தள்ளிக்கொண்டு போய், மலை உச்சியிலிருந்து உருட்டிவிடப் பார்க்கிறார்கள். சொந்த ஊர்க்காரர்கள், மாமா! அந்தக் கூட்டத்தில் சொந்தக்காரர்களும் இருந்திருப்பார்கள். தப்பாக நினைக்காதீர்கள், இதைப் படித்தபோது எனக்கு உங்கள் முகம் வந்தது.

பண்டிகைக்கு வருவேன் என்று ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் சுகத்துக்காக ஜெபிக்கும் மருமகள்,
ரீபா

*

ஆழ்வார்குறிச்சி,
2 ஜூலை 2024

மருமகள் ரீபாவுக்கு,

மாமா இசக்கிமுருகன் வாயால சொல்லச் சொல்ல பொன்செல்வி எழுதியது. சொரிமுத்து அய்யன் புண்ணியத்துல இங்க எல்லாருக்கும் சுகம். உன் சுகத்துக்குக் கேட்டதா அத்தை சொல்லச் சொல்லுதா.

கடுதாசி கிடைச்சது. அணையில தண்ணி தொறந்துட்டான். மேலக்காத்துல கொஞ்சம் வாழை சாஞ்சிட்டு, மத்ததுக்குக் கம்பு ஊனிக்கிட்டு இருக்கேன். பேராயர் வாறது ரொம்பச் சந்தோஷம். நல்லாப் படி. நேரத்துக்குச் சாப்பிடு. பண்டிகை அக்டோபர்லதான, அதைப் பிறகு பாத்துக்கிடலாம். அப்பாவைக் கேட்டதாச் சொல்லு. அம்மாவையும்.

இப்படிக்கு,
மாமா

மைனி, இதுக்குக் கீழ உள்ளது நானாக எழுதுறது. அப்பா கம்பு வெட்டப் போயாச்சு. உங்க கடிதத்தை நான்தான் சத்தமா வாசிச்சேன். நாசரேத்து வந்ததும் அப்பா வெத்தலையை மடிச்சவர் வாயில போடாம அப்படியே வச்சிருந்தார். ‘அங்க மலை ஏதுளா? திருச்செந்தூர் போற வழியில நாசரேத்தை நான் பாத்திருக்கேனே, எல்லாம் தேரி மணல்லா’ன்னார். அது வேற நாசரேத்துப்பான்னு சொன்னேன். சிரிச்சார். ஆனா சிரிப்பு நல்லா இல்ல.

நாங்க என்ன உருட்டிவிடுற ஆளுகளா மைனி?

பொன்செல்வி

*

பாளையங்கோட்டை,
13 ஜூலை 2024

அன்புள்ள மாமாவுக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் கடிதம் பார்த்து மகிழ்ந்தேன். சாய்ந்த வாழை போக மற்றது பிழைக்க வேண்டும் என்று ஜெபித்தேன். நான் சுகமாக இருக்கிறேன். விடுதியில் சாம்பார் மட்டும் சுகமில்லை.

நீங்கள் வருவதாக எழுதவில்லை. அதை நான் கவனித்தேன். ஆனால் சோர்ந்துபோகவில்லை. போட்டிக்காக வேதத்தில் தள்ளப்பட்டவர்களை எல்லாம் தேடித் தேடி வாசிக்கிறேன். எரேமியாவைச் சேற்றுக் குழியில் இறக்கினார்கள். ஸ்தேவானைக் கல்லெறிந்தார்கள். பவுலைக் கல்லெறிந்து, செத்துவிட்டான் என்று ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டார்கள். எழுந்து அதே ஊருக்குள் நடந்து போகிறார்! இயேசுவின் சொந்தச் சகோதரர்களே அவரை விசுவாசிக்கவில்லை என்று யோவான் எழுதுகிறார். உலகம் உங்களைப் பகைத்தால், அதற்கு முன்னே என்னைப் பகைத்தது என்று தெரிந்துகொள்ளுங்கள் என்று அவரே சொல்லி வைத்திருக்கிறார். ஆகவே அம்மா கிறிஸ்தவளான நம் வீட்டில் இப்படி நடப்பதும் எனக்கு ஆச்சரியமாக இல்லை.

மாமா, இதை எழுத வேண்டும் என்று வெகுநேரம் யோசித்தேன். நீங்கள் எங்களை ஒதுக்கியதற்காக நான் உங்களை முழு மனதோடு மன்னித்துவிட்டேன். ஸ்தேவான் கற்களுக்கு நடுவில் முழங்காலில் நின்று மன்னித்தாரே, அதை நினைத்துக்கொண்டு மன்னித்தேன். ஒரு வசன அட்டையும் இதோடு வைத்திருக்கிறேன். பூப்படம் போட்டது.

அத்தைக்கும் பொன்செல்விக்கும் என் அன்பு.

மருமகள்,
ரீபா

*

ஆழ்வார்குறிச்சி,
12 ஆகஸ்ட் 2024

ரீபா மைனிக்கு,

இங்க சுகம். அங்க சுகம்தானான்னு கேக்கணும், கேட்டாச்சு.

ஒரு மாசமாப் பதில் வரலையேன்னு நினைச்சிருப்பீங்க. உங்க கடிதத்தை வாசிச்சதும், ‘பதில் எழுதணுமாப்பா’ன்னு கேட்டேன். ‘பிறகு பாப்போம்’னார். அடுத்த வாரமும் கேட்டேன். ‘பிறகு’ன்னார். வசன அட்டையைச் சாமி படத்துக்குப் பக்கத்துல சொருகி வச்சிருக்கார். அதைப் பாத்துத்தான் எனக்கு ஆத்திரம் தாங்கல. அப்பாக்குத் தெரியாம எழுதுறேன்.

மன்னிச்சிட்டேன்னு எழுதியிருக்கீங்க. எதுக்கு மைனி?

போன வருஷம் அசனத்துக்கு லோடு ஆட்டோவுல நானும் அப்பாகூட வந்தேன். கோயில் வாசல்ல இறங்கி அப்பா இலைக்கட்டை எடுத்துக் குடுத்தார். மேல் கட்டுல மஞ்சளும் குங்குமமும் இருந்துச்சு. தோட்டத்தை விட்டு வெளிய போற முதல் கட்டுக்கு நாங்க எப்பவும் வைக்கிறதுதான். கல்யாண வீட்டுக்குப் போனாலும் சரி, கடைக்குப் போனாலும் சரி. உங்க அசனத்துக்கும் அப்படித்தான் வந்துக்கிட்டிருந்துச்சு. அதுவரை யாரும் ஒண்ணும் சொன்னதில்ல, துடைச்சிட்டுப் போடுவாங்க.

அன்னைக்கு மெர்வின்னு ஒரு அண்ணாச்சி, உங்க கமிட்டி ஆளு, ‘இது விக்கிரகத்துக்குப் படைச்சதுல்லா, சபை இதுல சாப்பிடப்பிடாது’ன்னார்.

‘படைக்கலவே, வச்சது. துடைச்சிட்டுப் போடும்’னார் அப்பா.

‘துடைச்சா போயிருமா?’

அப்பா உங்க அப்பாவைத்தான் பாத்தார். கமிட்டிச் செயலாளர்லா. உங்க அப்பா, ‘இந்த வருஷம் வேண்டாம் மச்சான். நாங்குநேரியில பேப்பர் இலை சொல்லியாச்சு. திருப்பிக் கொண்டு போயிருங்க’ன்னார். கூட்டத்துல யாரோ, ‘மாட்டுக்குப் போடுங்க’ன்னு சொல்லவும் நாலு பேர் சிரிச்சாங்க. உங்க அப்பா சிரிக்கல. அதையும் சொல்லணும்லா. ஆனா அவங்களைத் தடுக்கவும் இல்ல. அத்தை, அதான் உங்க அம்மா, சமையல் பந்தல்ல வெங்காயத்தட்டோட நின்னு பாத்துக்கிட்டிருந்தாங்க.

‘ஏறுளா’ன்னார் அப்பா. வழியில ஒரு டீக்கடையில எனக்கு பன்னு வாங்கித் தந்துட்டுச் சொன்னார்: ‘ரீபாவுக்கு இது தெரியாண்டாம். அவ அப்பாவை அவ நல்லவிதமா நினைக்கட்டும்.’

இப்ப சொல்லிட்டேன். இனி யார் யாரை மன்னிக்கணும்னு நீங்களே பாத்துக்கிடுங்க. நீங்கதான நிறையப் படிக்கிற ஆளு.

பொன்செல்வி

*

பாளையங்கோட்டை,
17 ஆகஸ்ட் 2024

அன்புள்ள பொன்செல்வி,

நான் சுகம் என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை. நீங்கள் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை மொட்டைமாடியில் துணி காய்கிற இடத்தில் நின்று வாசித்தேன். முதலில் உன்மேல்தான் கோபம் வந்தது. பிறகு அம்மா ஏன் அடுப்பைப் பார்க்கப் போகிறாள் என்று புரிந்தது.

இரண்டு நாளாகப் பேச்சுப்போட்டிக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. நேற்றுத்தான் லூக்கா நான்கை மறுபடி எடுத்தேன். இதுவரை வாசித்தபோதெல்லாம் நான் இயேசுவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் வாசித்திருக்கிறேன். தள்ளப்படுகிறவர்களோடு. நேற்று வேண்டுமென்றே மனதால் அந்த ஜனங்களோடு பெஞ்சில் போய் உட்கார்ந்து வாசித்தேன். அந்த ஜெப ஆலயத்தில் இருந்தவர்கள் உலகத்தார் இல்லை, பொன்செல்வி. ஓய்வுநாள் தவறாமல் ஆலயத்துக்கு வருகிறவர்கள். எங்களைப் போல. அவர் சொன்னதைக் கேட்டு முதலில் சந்தோஷம்தான் பட்டார்கள். எந்த இடத்தில் அவர்களுக்குக் கோபம் வந்தது என்று விரலை வைத்துப் பார்த்தேன்.

பஞ்ச காலத்தில் இஸ்ரவேலில் எத்தனையோ விதவைகள் இருந்தும், எலியா சரெப்தாவில் இருந்த வெளியூர் விதவையிடம்தான் அனுப்பப்பட்டான். குஷ்டரோகிகள் எத்தனையோ பேர் இருந்தும், சீரியாக்காரன் நாகமான்தான் சுகமானான். இதைச் சொன்னதும்தான் எழுந்து அவரைத் தள்ளினார்கள். வெளியில் உள்ளவர்களும் கடவுளுக்கு வேண்டியவர்கள் என்றது உள்ளே இருந்தவர்களுக்குப் பொறுக்கவில்லை.

சரெப்தா விதவை எலியாவுக்குச் சாப்பாடு கொடுத்தாள். அவள் மாவுப்பானையில் என்ன பூசியிருந்தது என்று எலியா கேட்கவில்லை.

போட்டியில் இதைத்தான் பேசப்போகிறேன். மாமாவிடம் எனக்குத் தெரியும் என்று சொல்லாதே. நானே எழுதுகிறேன். அந்த வசன அட்டையை எடுத்து ஒளித்து வைக்க முடியுமா?

ரீபா

*

பாளையங்கோட்டை,
21 செப்டம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கே நான் சுகம். பரீட்சை நடக்கிறது. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

எனக்கு எல்லாம் தெரியும், மாமா. பொன்செல்வியைத் திட்டாதீர்கள். அவள் சொல்லாவிட்டால் நான் இன்னும் உங்களை மன்னித்துக்கொண்டே இருந்திருப்பேன்.

ஜூலையில் எழுதியதை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் என்னை மன்னியுங்கள். அப்பா செய்ததற்கு மட்டும் நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. அது அப்பா கேட்க வேண்டியது. அவருடையதை நான் எடுத்துச் செய்தால் அவருக்கு ஒன்றும் மிஞ்சாது.

போன சனிக்கிழமை போட்டி நடந்தது. விசுவாசத்துக்கு விரோதமான பகை பொய் இல்லை என்று ஆரம்பித்தேன். அது பொய் இல்லைதான். கிறிஸ்துவின் பேருக்காக வீடு இழந்தவர்கள் இருக்கிறார்கள், உயிர் விட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நினைத்தால் எனக்குத் தலை நிமிர்கிறது. ஆனால் பேதுரு தமது நிருபத்தில் ஒன்றைப் பிரித்துக் காட்டுகிறார். கிறிஸ்தவனாகப் பாடுபட்டால், அதாவது துன்பப்பட்டால், வெட்கப்பட வேண்டாம்; பொல்லாங்கு செய்துவிட்டோ, பிறர் காரியத்தில் தலையிட்டோ பாடுபடாதீர்கள் என்கிறார். அந்த வித்தியாசம் தெரியாவிட்டால் நம் நாக்கு சம்பாதித்த கோபத்தை எல்லாம் சிலுவை என்று சுமந்துகொண்டு திரிவோம் என்றேன். பிறகு நாசரேத்தைச் சொன்னேன். இந்தக் கதையில் நாம் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று சபையைப் பார்த்துக் கேட்டேன்.

இலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அப்பா மூன்றாவது வரிசையில் இருந்தார். மெர்வின் அண்ணாச்சியும் வந்திருந்தார்.

பரிசு இல்லை. நடுவர்களில் ஒருவர் கைதட்டினார், மற்ற இருவரும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்ததும் மெர்வின் அண்ணாச்சி, ‘பிள்ளைக்கு இதை யாரு எழுதிக் குடுத்தா?’ என்று அப்பாவிடம் கேட்டார். ‘லூக்கா’ என்றேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்ததா, வேறு எதுவும் இருந்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை. 

மாமா, என் விசுவாசம் குறைந்துபோனது என்று நினைத்துவிடாதீர்கள். அது இப்போதுதான் என்னுடையதாக ஆகியிருக்கிறது. அக்டோபர் 27. நீங்கள் வர வேண்டும். இப்போது காரணம் தெரிந்துகொண்டே கூப்பிடுகிறேன்.

மருமகள்,
ரீபா

*

ஆழ்வார்குறிச்சி,
30 செப்டம்பர் 2024

மருமகள் ரீபாவுக்கு,

மாமா சொல்ல பொன்செல்வி எழுதியது. யாவரும் சுகம். முழங்கால் வலி மழைக்கு வரும், வெயிலுக்குப் போயிரும். பொன்செல்வியைத் திட்டல, ரெண்டு நாள் பேசாம இருந்தேன், அவ்வளவுதான்.

நீ என்னத்துக்கு மன்னிப்புக் கேக்க? நீ சின்னப்பிள்ளை, படிச்சதை எழுதின. அட்டை நல்லா இருக்கு. இருந்த இடத்துலயே இருக்கட்டும்.

உங்க அப்பாவை ஒண்ணும் சொல்லாதே. பத்துப் பேர் நடுவுல நிக்கிறவனுக்கு வாய் ஒண்ணு சொல்லும், மனசு ஒண்ணு சொல்லும். அது போட்டும்.

வாறதைப் பத்திக் கேட்ட. உனக்குத் தெரியாத முறை ஒண்ணும் இல்லை. வீட்டு விசேஷத்துக்கு வீட்டு ஆளு நேர்ல வந்து கூப்பிடணும். பிள்ளை எழுதின கடுதாசியைப் பிடிச்சிக்கிட்டுப் போய் பந்தியில உட்காந்தா, நாளைக்கு ஒரு பய, ‘இவரை யாரு கூப்பிட்டா’ம்பான். ஏற்கெனவே ஒரு தடவை திரும்பி வந்த ஆளு நான். மாமாவுக்கு உன் மேல ஒரு வருத்தமும் கிடையாது. கேட்டியா?

இப்படிக்கு,
மாமா

மைனி, ‘அது போட்டும்’னு சொல்லும்போது அப்பா குரல் எப்படி இருந்துச்சுன்னு எழுத எனக்குத் தெரியல. போகல மைனி. அது போகவே இல்ல.

*

பாளையங்கோட்டை,
5 அக்டோபர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். பத்தாம் வகுப்புக்கு விடுமுறையிலும் சிறப்பு வகுப்பு என்பதால் ஊருக்கு வர முடியவில்லை. சுகமாக இருக்கிறேன். நீங்களும் அம்மாவும் சுகமா? ஃபோனில் பேசும்போது வார்டன் அக்கா பக்கத்தில் நிற்பார்கள். அதனால் எழுதுகிறேன்.

போன வருஷம் கோயில் வாசலில் நடந்தது எனக்குத் தெரியும். உங்களை நியாயம் விசாரிக்க இதை எழுதவில்லை. சபைப் போதகர் ஐயர் திடப்படுத்தல் வகுப்பில் மலைப்பிரசங்கத்தைப் படித்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார். நீ காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்து, உன் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று அங்கே நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்று இருக்கிறது. குறை இருப்பது நம்மேல். நினைவு வந்தாயிற்று. நம் வீட்டிலிருந்து பலிபீடத்துக்குப் போகிற காணிக்கை இந்த வருஷம் நான்தான்.

வெளி ஆள் சாப்பிடக் கூப்பிட்டால், முன்னால் வைத்ததை மனச்சாட்சிக்காக ஒன்றும் விசாரிக்காமல் சாப்பிடு என்று பவுலும் எழுதியிருக்கிறார். விக்கிரகத்தைப் பற்றி அவரைவிட மெர்வின் அண்ணாச்சிக்கு அதிகம் தெரிந்திருக்காது.

நீங்கள் மாமா வீட்டுக்குப் போய்க் கூப்பிடும்வரை நான் திடப்படுத்தல் வரிசையில் நிற்க மாட்டேன். கோபத்தில் எழுதவில்லை, அப்பா. எனக்கு நிற்க ஆசை. வெள்ளைச் சேலை கட்ட ஆசை. அந்த வசனத்தை மிதித்துக்கொண்டு நின்று, ‘விசுவாசிக்கிறேன்’ என்று சொல்ல மட்டும் எனக்கு வராது. ஐயரிடம் நானே காரணம் சொல்லிக்கொள்வேன். மாமா வருவதும் வராததும் அவர் இஷ்டம். நீங்கள் போனால் போதும்.

உங்கள் அன்பு மகள்,
ரீபா

*

14 அக்டோபர் 2024

அன்பு மகள் ரீபாவுக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நானும் அம்மாவும் நலம். உன் கடிதம் கிடைத்தது. உனக்கு வெள்ளைச் சேலை எடுத்தாயிற்று. ரவிக்கைக்குப் பழைய அளவு போதுமா என்று அம்மா கேட்கச் சொன்னாள். கணக்கில் போன தடவையைவிட மார்க் குறைந்திருக்கிறது, கவனம். கோயிலுக்கு வெள்ளை அடித்து முடித்துவிட்டார்கள். வருகிற சனிக்கிழமை நானும் அம்மாவும் ஊரில் இருக்க மாட்டோம்.

அப்பா

*

ஆழ்வார்குறிச்சி,
21 அக்டோபர் 2024

ரீபா மைனிக்கு,

இங்க எல்லாரும் சுகம். எங்க அம்மா ரொம்ப சுகம், ஏன்னு கீழ சொல்லுதேன். உங்களுக்குக் கடிதம் கைக்குக் கிடைக்கணுமேன்னு உடனே எழுதுறேன்.

சனிக்கிழமை மத்தியானம் உங்க அப்பாவும் அத்தையும் பைக்ல வந்தாங்க. அத்தை வாசல்ல இறங்கினதும் எங்க அம்மா கையைப் பிடிச்சிக்கிட்டு அழ, எங்க அம்மாவும் அழ, அடுப்புல குழம்பு தீஞ்சுபோச்சு. அப்பா வாழைத்தோப்புல இருந்தார். உங்க அப்பா, ‘வீட்டுல உட்கார நேரமில்ல, தோப்பைக் காட்டு’ன்னார். கூட்டிட்டுப் போனேன். போகச் சொன்னாங்க, போகல. பக்கத்து வரிசையில நின்னுக்கிட்டேன்.

அப்பா வாழைக்கு முட்டுக் குடுத்துக்கிட்டிருந்தார். பாத்தார், ‘வாங்க மாப்பிள்ளை’ன்னார், திரும்பவும் கயித்தைக் கட்ட ஆரம்பிச்சிட்டார். ஒரு வாழை, அடுத்த வாழை, பையப் பைய. உங்க அப்பா வரப்புல நின்னே பாத்தார். பிறகு செருப்பைக் கழட்டிட்டு, பேண்டைச் சுருட்டி விட்டுட்டுச் சேத்துல இறங்கி, கம்பைப் பிடிச்சார்.

‘மச்சான், அன்னைக்கு நான் பேசினது...’

‘கம்பை நேராப் பிடிங்க. சாயுதுல்லா.’

நேராப் பிடிச்சார். அப்பா கட்டி முடிச்சதும், ‘எல்லார் முன்னாலயும் உங்களை அப்படிச் சொல்லியிருக்கப்பிடாது. தப்பு மச்சான்’னார்.

‘எல்லார் முன்னாலயும் சொன்னதுக்கு, ஆளில்லாத தோப்புல வந்து தப்புங்கீரோ?’

 உங்க அப்பா முகம் கறுத்துப்போச்சு. கம்பை மட்டும் விடல. ‘அங்கயும் சொல்லுதேன்’னார்.

அப்பா அடுத்த வாழைக்கு நகர்ந்தார். உங்க அப்பாவும் கம்பை எடுத்துக்கிட்டுப் பின்னாலயே போனார். அந்த வரிசை முடியுற வரைக்கும் ரெண்டு பேரும் கட்டிக்கிட்டே போனாங்க. 

வீட்டுக்கு வந்து சாப்பிட்டாங்க. தீஞ்ச குழம்புதான். அத்தை தாம்பாளத்துல பழம், வெத்தலை வச்சு நீட்ட, ‘ரீபாவுக்குத் திடப்படுத்தல். குடும்பத்தோட வந்துரணும்’னு உங்க அப்பா நின்னுக்கிட்டுச் சொன்னார். எங்க அப்பா எந்திரிச்சுத் தட்டை வாங்கிக்கிட்டார். ஆனா வாறேன்னும் சொல்லல, வரலன்னும் சொல்லல. நான் கேட்டதுக்கு, ‘பாப்போம்’னார். அவர் ‘பாப்போம்’ எப்படின்னு உங்களுக்குத் தெரியும்.

எனக்கு வாற சனி, ஞாயிறு தென்காசியில கோ-கோ போட்டி. அம்மாதான் துணைக்கு வாறாங்க. நீங்க வரிசையில நில்லுங்க மைனி. உங்க அப்பா வந்தாச்சு.

பொன்செல்வி

*

பாளையங்கோட்டை,
28 அக்டோபர் 2024

அன்புள்ள பொன்செல்வி,

இன்று மத்தியானம் விடுதிக்கு வந்து சேர்ந்தேன். கால் வலிக்கிறது, மற்றபடி பூரண சுகம். நீயும் அத்தையும் தென்காசியிலிருந்து நல்லபடி வந்தீர்களா?

வரிசையில் நின்றேன். பேராயர் கை கனமாக இருந்தது. ‘விசுவாசிக்கிறேன்’ என்று நான் சொன்னது கடைசி பெஞ்சு வரை கேட்டதாம், அம்மா சொன்னாள். ஆராதனைக்கு மாமா வரவில்லை. கதவுப் பக்கம் நான் திரும்பித் திரும்பிப் பார்த்ததற்கு ஐயர் கண்ணால் அதட்டினார்.

சாயங்காலம் அசனம். சோறு வடித்து, கறி இறக்கி, ஸ்தோத்திர ஜெபத்துக்காக எல்லாரும் எழுந்து நின்றார்கள். மாமா அப்போதும் வரவில்லை. அப்பா மைக்கை வாங்கினார். நன்றி அறிவிப்பு என்று நினைத்தேன். ‘போன வருஷம் இதே வாசலில் என் மச்சானை, அவர் கொண்டுவந்த இலையோடு நான் திருப்பி அனுப்பினேன். சபை அல்ல, நான். அது கர்த்தருக்காகச் செய்தது இல்லை. நாலு பேர் என்னைக் குறைத்து நினைப்பார்களே என்று பயந்து செய்தது. அவர் இன்றைக்கு வருவாரோ என்னவோ தெரியாது. வராவிட்டாலும் சொல்ல வேண்டும் என்றுதான் சொல்கிறேன்’ என்றார். 

 பிறகு இரண்டு வீட்டார் தூக்குச்சட்டியில் சாப்பாட்டை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். அதில் ஒரு பெரியம்மா என்னைக் கடந்து போகும்போது, ‘பிள்ளையைப் படிக்க வச்சா இப்படித்தான்’ என்றார். எனக்கு வலித்தது. ஆனால் பயம் வரவில்லை. நாசரேத்தில் இயேசு அந்தக் கூட்டத்தின் நடுவிலேயே நடந்து போய்விட்டார் என்றுதான் அந்தக் கதை முடிகிறது. அதன் பிறகு அடுத்த ஊரில் வேலையைப் பார்க்கிறார்.

முதல் பந்தி முடிந்து இரண்டாவது பந்தி உட்காரும்போது உங்கள் டி.வி.எஸ் வண்டிச் சத்தம் கேட்டது. மாமா தனியாக, வெள்ளை வேட்டியில். கையில் ஒன்றும் இல்லை. அம்மாவிடம், ‘இந்த வருஷம் திங்க மட்டும்தான் வந்திருக்கேன்’ என்றார். அப்பா மைக்கில் சொன்னதை யாரோ அவர் காதில் போட்டார்கள். கேட்டுத் தலையை ஆட்டிவிட்டுப் பந்தியில் போய் உட்கார்ந்தார்.

சோற்றுக் கூடையோடு அந்த வரிசையில் வந்தவர் மெர்வின் அண்ணாச்சி. அவர் போய்விடவில்லை பார். ஒவ்வொரு இலையாகப் போட்டுக்கொண்டு வந்தவர் மாமாவின் முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். வரிசையே திரும்பிப் பார்த்தது. 

மாமா அண்ணாந்து பார்த்தார். ‘என்னவே முழிக்கீரு? போடும். போன வருஷத்துச் சோத்தையும் சேத்துப் போடும்.’

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. மெர்வின் அண்ணாச்சி சிரிக்கவில்லை. ஆனால் குனிந்து, ஒரு கை, இன்னொரு கை என்று அள்ளி வைத்துவிட்டு, ‘ஏலே, அந்தக் கறி வாளியை இங்கன கொண்டா’ என்று பின்னால் பார்த்துச் சத்தம் போட்டார்.

எங்கள் சபையில் கமிட்டிச் செயலாளர் கடைசிப் பந்தியில்தான் சாப்பிடுவார். அது எழுதாத சட்டம். அப்பா பரிமாறுகிற துண்டை இடுப்பிலிருந்து அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, மாமாவுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மாமா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

கோ-கோவில் ஜெயித்தீர்களா? அதை எழுது.

உன் மைனி,
ரீபா